அக்காவின் தையல் மெசின்

மூக்குக் கண்ணாடி போடாமல் தப்புவதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்று யாராவது கேட்டால் என்னிடம் திட்டமான பதில் இருக்கிறது. ஒஸ்லோவில் இருந்து பேர்கன் வரை போவான். போய், அங்கே விமான நிலையத்துப் பொலிஸ் அறையில், கூடப்பிறந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான்.

எனக்கு வெள்ளெழுத்து வந்தது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு. எல்லோருக்கும் வருகிற ஒன்று எனக்கு மட்டும் வராது என்று எந்த ஆதாரத்தில் நம்பியிருந்தேனோ தெரியவில்லை. ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் அடுக்குமாடிகளைப் பராமரிக்கிற வேலை எனக்கு (குழாய் ஒழுகினாலும், படிக்கட்டு விளக்கு எரியாவிட்டாலும், யாரோ வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்). மின்பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்களைக் கையை நீட்டிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினேன். கையின் நீளம் போதாமல் போனபோது, இப்போதெல்லாம் எழுத்தைப் பொடியாக அச்சடிக்கிறார்கள் என்று கம்பெனிகளைத் திட்டினேன். என் மனைவி வதனி என் போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கித் தந்தாள். ரயிலில் என் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அதன் பிறகு என் குடும்ப விஷயங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நான் கைத்துப்பாக்கி சுடப் பழகிக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். இங்கே அது ஒரு விளையாட்டு. என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஒரு நாள் என்னைத் தன் கழகத்துக்குக் கூட்டிப் போனார். பெயர் ஷெல். (நோர்வேயில் அது சாதாரண ஆண் பெயர். எங்கள் ஊரில் ஷெல் என்றால் தலைக்கு மேல் வந்து விழுகிற குண்டு. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரை முகம் மாறாமல் கூப்பிடப் பழகுவதற்கே சில மாதங்கள் வேண்டும்.) வகுப்பு, பரீட்சை, காத்திருப்பு, பொலிஸ் அனுமதி, வீட்டில் இரும்புப் பெட்டி என்று எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. சுடும் கூடத்தில் நின்று, மூச்சை விட்டு, எதிரே இருக்கும் கடதாசி வட்டத்தை மட்டும் பார்க்கிற அந்தக் கணம் எனக்குப் பிடித்துப்போனது. ஊரில் போர் நடந்த என் சின்ன வயதில் துப்பாக்கி எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய கையில் இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே அது என் கையில் இருந்தது, கடதாசியை மட்டும் பார்த்தது. அந்த நிம்மதியை வதனிக்கு விளக்க முயன்றேன். அவள் பாதி புரிந்துகொண்டாள்.

அக்காவுக்கு விளக்க நான் முயலவே இல்லை.

அக்கா என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவள். பேர்கனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவள். யாருக்கும் பயப்படாதவள், புத்தாண்டு இரவைத் தவிர. நோர்வேக்காரர் வாணவேடிக்கை விடத் தொடங்கியதும் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீர்க் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, சத்தம் ஓயும் வரை உள்ளேயே இருப்பாள். வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காதது போல எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், அக்கா நான் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நான் பயிற்சிக்குப் போன நேரங்களில் அவள் வீட்டுக்குப் போன் எடுத்தால், மேசைப்பந்து விளையாடப் போயிருக்கிறேன் என்று வதனி சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பொய் ஒரு நாளைக்கு எங்களைக் கொண்டுபோய் எங்கேயாவது நிறுத்தும் என்று வதனி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த இடம் எது என்று மட்டும் அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

கண் பிரச்சினை கழகத்தில்தான் முதலில் அம்பலமானது. கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு சின்னக் குறி இருக்கும். அதைக் கூர்மையாகப் பார்த்தால்தான் குண்டு வட்டத்துக்குப் போகும். எனக்கு வட்டம் தெரிந்தது, குறி கலங்கித் தெரிந்தது. என் குண்டுகள் பக்கத்து ஆளின் கடதாசிக்கு விருந்துக்குப் போகத் தொடங்கின. கண்ணாடி போடு என்றார் ஷெல். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, வேறு ஒரு வழியும் இருக்கிறது என்றார். துப்பாக்கியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் பூட்டலாம். அதற்குள் சிவப்புப் புள்ளி ஒன்று மிதக்கும். புள்ளியை வட்டத்தில் வைத்தால் போதும், கிட்டப் பார்வை தேவையில்லை. அவர் சொன்ன முதல் வழி என் காதில் விழவே இல்லை.

ஆனால் என் துப்பாக்கியில் அதைப் பூட்ட இடம் இல்லை. மேல்பாதியில், சுடும்போது பின்னுக்குப் போய் முன்னுக்கு வருகிற அந்த நீள இரும்பில், பள்ளம் வெட்ட வேண்டும். ஸ்லைட் என்பார்கள் அதை. கண்டவர் கையால் அதை வெட்டவும் முடியாது, கண்டவரிடம் கொடுக்கவும் முடியாது. அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநர்தான் செய்யலாம். ஷெல் நம்புகிற திருத்துநர் பேர்கனில் இருந்தார். முகத்தில் ஒரு சோடிக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறுத்தவன், நல்ல இரும்பை வெட்டி அதற்குக் கண்ணாடி மாட்டக் கொடுத்தேன்.

வேலை முடிந்தது என்று செய்தி வந்த வாரம்தான் அக்கா ஓய்வுபெற்றாள். கோடைக்கு எங்களோடு வந்து நிற்பதாக இருந்தாள். நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். அக்கா உருகிப்போனாள். தம்பி தன்னைக் கூட்டிப்போக விமானத்தில் வருகிறான் என்று பேர்கன் தமிழர் ஒருவரையும் விடாமல் சொல்லி முடித்தாள். நான் திருத்துநர் கடைக்கும் போய்வந்தேன் என்பதை மட்டும் அந்த ஊரில் யாரும் அறியவில்லை.

இனித்தான் பேணிகள் வருகின்றன. எங்கள் வீடுகளில் பேணி என்றால் தகர டின். நீல நிற பிஸ்கட் பேணியைத் திறந்து உள்ளே பிஸ்கட்டைக் கண்ட தமிழ்ப் பிள்ளை இந்த நாட்டில் இல்லை. நூலும் ஊசியும் இருக்கும், மிளகாய்த்தூள் இருக்கும், பழைய கடவுச்சீட்டு இருக்கும். கடைக்காரர் ஸ்லைட்டைத் தந்த அட்டைப் பெட்டியில் துப்பாக்கிப் படம் இவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தது. அதை அக்கா கண்டால் கதை முடிந்தது. அக்காவின் சமையலறை அலுமாரியில் காலியாக இருந்த ஒரு நீலப் பேணியை எடுத்தேன். ஸ்லைட்டை என் காலுறைக்குள் நுழைத்து, பேணிக்குள் வைத்து, சுற்றிவர ரேப் (ஒட்டுநாடா) ஒட்டி, என் சூட்கேசின் அடியில் வைத்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அதே காலையில் அக்காவும் வதனிக்காகச் சுட்ட பயத்தம் பணியாரத்தை இன்னொரு நீலப் பேணிக்குள் அடுக்கி, ரேப் ஒட்டி, நசுங்கக் கூடாது என்று தன் கைப்பைக்குள் வைத்தாள்.

பயணக் காலை என்றால் எங்கள் வீடுகளில் நிறுப்பு நடக்கும். கூடம் முழுக்கப் பெட்டிகள் வாய் திறந்து கிடக்கும். அக்கா ஒஸ்லோ போகிறாள் என்று தெரிந்த அத்தனை வீட்டாரும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார்கள். தபால் என்று ஒரு சேவை இருப்பதை எங்கள் சனம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிறுப்பதற்குப் பொறுப்பு அத்தான். அக்காவின் கணவர், பேசாத மனிதர். மீன் பிடித்து நிறுக்கிற தூக்குத் தராசை எடுத்து வந்து ஒவ்வொரு பையாகக் கொழுவிப் பார்த்தார். அக்காவின் கைப்பை கூடிப்போனது. என் சூட்கேசில் இடம் இருந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி நீலப் பேணி, அக்காவுடையது பாரம், என்னுடையது அவ்வளவு பாரமில்லை. அக்கா சாமியறையிலும் நான் குளியலறையிலும் இருந்த நேரம் பார்த்து, அத்தான் பாரமான பேணியைச் சூட்கேசிலும் மற்றதைக் கைப்பையிலும் மாற்றி வைத்தார். கணக்குப்படி பார்த்தால் அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது அன்றைய நாளின் ஒரே வசனத்தை அத்தான் பேசினார். “எல்லாம் சரிக்குச் சரி மாத்தி வைச்சிருக்கிறன்.” நான் கைகொடுத்து நன்றி சொன்னேன். என்னத்தை மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை.

ஸ்லைட்டை விமானத்தில் கொண்டுபோக ஒழுங்கு இருக்கிறது. சரக்கில் போக வேண்டும், பெட்டி கொடுக்கும்போது சொல்ல வேண்டும், பத்திரங்களைக் காட்ட வேண்டும். அதை அக்காவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பெட்டியில் ஏதோ சிக்கல், கொஞ்சம் நேரம் எடுக்கும், நீங்கள் மெல்ல மெல்லச் சோதனைக்குப் போங்கள் என்று அவளை அனுப்பிவைத்தேன். அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

நான் நிமிர்ந்து நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த நோர்வேஜிய வசனத்தைச் சொன்னேன். பதிவு செய்யப்பட்ட ஆயுதப் பாகம் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. விடுமுறை வேலைக்கு வந்த இளம்பெண் கண்ணை விரித்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பத்திரங்களைப் பார்த்து, மரியாதையாக, பேணியைத் திறக்கச் சொன்னார். நான் ரேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கினேன். ஏலக்காய் வாசம் வந்தது. உள்ளே பொன்னிறத்தில், உருண்டை உருண்டையாக, வரிசை வரிசையாகப் பணியாரம்.

மேலதிகாரி குனிந்து நன்றாகப் பார்த்தார். இது தோட்டா வகையா என்று கேட்டார். பகிடி அல்ல, உண்மையாகத்தான் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தானின் ஒற்றை வசனம் அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. பணியாரத்தையும் பத்திரங்களையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். விமான நிலையத்தில் ஓடுகிற பழுப்பு நிற ஆம்பிளையை எல்லோரும் பார்ப்பார்கள். அன்று பார்த்தவர்கள் நினைத்ததில் தவறே இல்லை.

சோதனைப் பகுதியில் ஒரு மேசைக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். பேணி திறந்து கிடந்தது. என் காலுறை ஒரு பக்கம், ஸ்லைட் ஒரு பக்கம். அக்கா நின்ற விதத்தைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. இரண்டு கையும் தெரியும்படி, முழங்கையை உடம்போடு ஒட்டி, அடையாள அட்டையை விரல்களுக்கு இடையில் பிடித்து, பார்வையைத் தாழ்த்தி நின்றாள். நோர்வேயில் யாரும் அப்படி நிற்பதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் நானும் அவள் அப்படி நின்று காணவில்லை.

இது உங்களுடையதா என்று கேட்டார் அதிகாரி. அக்கா ஸ்லைட்டைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிறகு நிமிர்ந்து என்னைக் கண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, திருட்டு முழியோடு நின்ற என்னைக் கண்டாள். உடனே அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“யா,” என்றாள். “மின்.” ஆமாம், என்னுடையது.

இது என்ன என்று கேட்டார் அவர். தையல் மெசினின் ஒரு துண்டு என்றாள் அக்கா, தெளிவான நோர்வேஜிய மொழியில். மேலே இந்தக் கண்ணாடி எதற்கு என்று கேட்டார். வயது போய்க் கண் தெரியாதவர்கள் ஊசியில் நூல் கோர்ப்பதற்கு என்றாள். (கண்ணாடியைப் பொறுத்தவரை அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இதை நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.)

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது நானும் அக்காவும் வவுனியாப் பக்கம் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் போர் நாளில் எங்கள் ஊர்ப்பக்கம் பற்றறி கொண்டுபோகத் தடை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்கும் ஆசையில் நான் இரண்டு பற்றறிகளை அக்காவின் உடுப்புப் பைக்குள் அவளுக்குத் தெரியாமல் சொருகியிருந்தேன். வழியில் இருந்த சோதனைச் சாவடியில், சென்றியில், ஆமிக்காரன் அதை எடுத்துப்போட்டு யாருடையது என்று கேட்டான். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். என்னுடையது என்றாள். என்னைப் போகவிட்டு அவளை மறித்து வைத்தார்கள். பொழுது சாயும் வரை நான் அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள், சைக்கிளை எடு என்றாள். அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரு கணம் என் வாய் வரவில்லை. அந்த ஒரு கணத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பிறகு சொன்னேன், தேவைக்கு அதிகமான சத்தத்தில், அது என்னுடையது, இவ என் அக்கா.

அக்கா என்னைப் பார்க்காமலே தமிழில் சொன்னாள். “நீங்கள் ஆர்? உங்களை எனக்குத் தெரியாது. போங்கோ இஞ்சையிருந்து.”

என் வாழ்நாளில் அக்கா என்னை ‘நீங்கள்’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. இந்த ஆளைத் தெரியுமா என்று அதிகாரி அவளைக் கேட்டார். இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினாள். அதிகாரி அவள் மூக்கைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், பொலிசுக்கு அறிவித்தார்.

எங்கள் விமானம் எங்களை விட்டுப் போனது. பொலிஸ் அறையில் எங்களுக்குக் கோப்பி தந்தார்கள். பத்திரங்களும் பணியாரப் பேணியும் பின்னால் வந்து சேர்ந்தன. பொலிஸ்காரி ஒருத்தி என் பத்திரங்களைச் சரிபார்க்கப் போனாள். இன்னொருவர் ஷெல்லுக்குப் போன் எடுக்கப் போனார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எவ்வளவு காலமா?”

“ரெண்டு வருஷம்.”

“ஆரைச் சுட?”

“கடதாசியை, அக்கா. வட்டம் கீறின கடதாசி.”

“கடதாசி உனக்கு என்ன செய்தது?”

நான் ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தேன்.

“ஆர் பழக்கினது?”

“வேலையிடத்தில ஷெல் எண்டு ஒருத்தர்.”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கத் தொடங்கினாள். சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு கட்டத்தில் அது அழுகையாகிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“யோசிச்சா சொன்னனான்? உன்ர முகத்தைக் கண்டன், வாய் தானாச் சொல்லிப் போட்டுது.”

“அண்டைக்கு அந்தப் பற்றறி...”

“அது ஆருடையது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இண்டைக்கு நீ ‘என்ர’ எண்டு சொன்னனி. எனக்கு அது போதும்.”

பொலிஸ்காரி திரும்பி வந்து எனக்குச் சொன்னதெல்லாம் நியாயமான வார்த்தைகள். என் பொருளுக்கு நான்தான் பொறுப்பு, பேணி அல்ல. ஸ்லைட்டை மறித்து வைத்தார்கள், என் அனுமதியையும் நிறுத்தி வைத்தார்கள். அக்காவின் மேல் ஒரு குற்றமும் எழுதவில்லை. பணியாரத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் பேணியில் ஒரு வரிசை குறைந்திருந்தது. பொலிஸ்காரி செய்முறை கேட்டாள், அக்கா பயறு வறுக்கிற பக்குவத்தில் இருந்து தொடங்கினாள். ஒஸ்லோவுக்கு நாங்கள் ரயிலில் போனோம். வழி முழுக்க அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரை.

அடுத்த வசந்தம் வந்த பிறகுதான் அனுமதியும் ஸ்லைட்டும் திரும்பக் கிடைத்தன. ஆவலோடு பூட்டிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி தெரியவில்லை. பற்றறி இறந்துவிட்டது. காசளவான அந்தப் பற்றறியில் எந்த வகை என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து ஹவுகெட்டோவில் ஒரு கடைக்குப் போய் ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கி வந்து அதை வாசித்தேன். கண்ணாடியோடு பழைய குறியைப் பார்த்தபோது அதுவும் தெளிவாகத் தெரிந்தது என்பதை நான் ஷெல்லுக்குச் சொல்லவில்லை.

அக்கா இந்தக் கதையை எல்லாக் கொண்டாட்டங்களிலும் சொல்கிறாள். அவள் சொல்லும்போது அதிகாரி தையல் மெசினை முக்கால்வாசி நம்பிவிட்டார், கெடுத்தது நான்தான். ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இடையில் யார் யாரிடம் எந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாலும் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். “தையல் மெசின் ஒண்டும் இல்லைத்தானே?”

அதன் பிறகு அக்காவும் நானும் ரயிலில்தான் போய்வந்தோம். சென்ற குளிர்காலத்தில்தான் துணிந்து மறுபடி விமானத்துக்கு வந்தோம், வதனியும் கூட வந்தாள். சோதனையில் எங்கள் பைகள் போய்க்கொண்டிருந்தன. அதிகாரி ஒரு தட்டில் இருந்து மண்ணிறப் பாற்கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நோர்வேக்காரர் உயிராக நினைக்கிற அந்த இனிப்புப் பாற்கட்டியைக் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், அது தண்ணீர், பற்பசை போலத் தடைசெய்த களி வகையில் சேர்த்தி. இது யாருடையது என்று கேட்டார்.

“மின்,” என்றேன் நான்.

“மின்,” என்றாள் அக்கா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம், இரண்டு பேரும் கையைத் தெரியும்படி வைத்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் நின்ற நோர்வேக்காரர் தன் பாற்கட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவருமே அந்தப் பாற்கட்டியை வாயில் வைக்க மாட்டோம்.